டிரிஸ்டன் டா குன்ஹாவா, பிட்கேர்னா: எந்தத் தீவில் குடியிருப்பது கடினம்?

கோரிமேடு டீச்சர்

பள்ளிப் புவியியல் மன்றக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் ஒரு சார்ட் தயாரிக்கிறார்கள். தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்ஹாவையும் தெற்குப் பசிபிக்கில் இருக்கும் பிட்கேர்னையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் பிரிட்டன் ஆட்சியில் உள்ள தீவுகள். இரண்டிலும் விமான ஓடுதளம் கிடையாது.

டிரிஸ்டன் சுமார் 98 சதுர கி.மீ., மக்கள் இருநூற்றுச் சொச்சம். ஆள் வசிக்கும் அடுத்த இடம் செயின்ட் ஹெலினா, ஏறத்தாழ 2,430 கி.மீ. பிட்கேர்ன் 4.6 சதுர கி.மீ.தான், மக்கள் ஐம்பதுக்கும் கீழே. பக்கத்துத் தீவான மங்கரேவா 500 கி.மீ.க்குச் சற்று மேல். இந்தத் தூரத்தைப் பார்த்துவிட்டு "டிரிஸ்டனில் வாழ்வதுதான் கடினம்" என்று பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். சரியா? ஏற்காட்டு மலைக் கிராமங்களை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதோடு பொருத்திச் சொன்னால் அவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

இஞ்சின்ரூம்

தூரத்தை வைத்து முடிவு கட்டாதீங்க டீச்சர். கேப் டவுனிலிருந்து டிரிஸ்டனுக்குக் கடல் ஒத்துழைத்தால் ஆறேழு நாள். மங்கரேவாவிலிருந்து பிட்கேர்னுக்கு ஒன்றரை நாள். நடுக்கடலில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது நாள் கணக்குதான். பிரச்சினை கடைசி அரைக் கிலோமீட்டரில். இரண்டு தீவிலும் கப்பல் கரையைத் தொடாது.

டிரிஸ்டனில் கால்ஷாட் துறைமுகம் 1967-ல் வந்தது. அதற்கு முன் கடற்கரையில்தான் இறங்குவார்கள். 1961 எரிமலை வெடிப்பில் அந்தக் கரை எரிமலைக் குழம்புக்கு அடியில் போய்விட்டது. கால்ஷாட்டும் சின்னதுதான். ஆழம் கம்மி, வாய் குறுகல். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கை மிதவையில் இறக்கி உள்ளே இழுத்து வருவார்கள், கரையில் கிரேன் தூக்கும். அலை கொஞ்சம் எழும்பினாலும் வேலை நின்றுவிடும். வருஷத்தில் அறுபது எழுபது நாள்தான் அந்தத் துறைமுகம் வேலைக்கு ஆகும் என்பார்கள். கண்ணெதிரே தீவு தெரிய, சரக்கோடு நாள்கணக்கில் கப்பல் காத்து நிற்பது அங்கே சாதாரணம்.

பிட்கேர்னில் பவுண்டி விரிகுடா. அங்கே நீளமான அலுமினியப் படகு கப்பலுக்கு வந்து ஆளையும் மூட்டையையும் வாங்கிக்கொண்டு, அலைகளுக்கு இடையில் நேரம் பார்த்துக் கரைக்குள் பாயும். உள்ளே வந்ததும் வின்ச் கட்டிச் சரிவில் மேலே இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் அலை மோதினால் மேற்கே டெட்சைடில் இன்னொரு இறங்குதுறை கட்டியிருக்கிறார்கள்.

இப்போ எண்ணிப் பாருங்க. சுக்கான் பிடிக்க ஒருவர், இஞ்சினுக்கு ஒருவர், முன்னும் பின்னும் கயிற்றுக்கு ஆட்கள், கப்பல் பக்கம் சரக்கு வாங்க ஆட்கள், கரையில் வின்ச்சுக்கும் டிராக்டருக்கும் ஆட்கள். ஐம்பதுக்கும் குறைவான ஜனத்தில் வயதானவர்கள், குழந்தைகள், வைத்தியத்துக்கு நியூசிலாந்து போனவர்கள் எல்லாரையும் கழித்தால் இந்தப் படகுக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? டிரிஸ்டனில் இந்தக் கவலை இல்லை. என் கணக்கில் பிட்கேர்ன்தான் கடினம்.

வாழவந்தி காப்பி

அண்ணே, கப்பல் வருகிற நாள் வருஷத்தில் எத்தனை? மற்ற நாளெல்லாம் மனுஷன் மண்ணை நம்பித்தானே இருக்கணும்?

பிட்கேர்ன் மண் நம்ம சேர்வராயன் மலைக்காரனுக்குப் பழக்கமான மண் மாதிரியே விளையும். வாழை, பப்பாளி, மா, ஆரஞ்சு, எலுமிச்சை, சர்க்கரைவள்ளி, சேம்பு, கரும்பு, தென்னை, ஈரப்பலா எல்லாம் வரும். வெயில் அதிகமானால் 28 டிகிரி, குளிர்ந்தால் 17. வீட்டைச் சுற்றியே தோட்டம். தேன் எடுத்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள்.

டிரிஸ்டனில் உருளைக்கிழங்குதான் உயிர். ஊருக்குத் தென்மேற்கே மூன்று நாலு கி.மீ. தள்ளி, கல்லடுக்குச் சுவர் வைத்துச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சுவர் வேலிக்காக மட்டும் இல்லை. அங்கே காற்று நின்றால்தான் செய்தி, செடி தலையெடுக்க அந்தச் சுவர் வேணும். தெற்கு அரைக்கோளம் என்பதால் செப்டம்பர் வாக்கில் நட்டு, ஜனவரி பிப்ரவரியில் தோண்டுவார்கள். ஒரே நிலத்தில் ஒரே கிழங்கைத் திரும்பத் திரும்பப் போட்டால் வேரில் நூற்புழு ஏறும். நீலகிரியில் 1961-ல் கண்டுபிடித்ததும் அந்த வகைப் புழுதான், இன்றைக்கும் அங்கே தலைவலி. மாற்றுப் பயிர் போட நிலம் வேணும். 98 சதுர கி.மீ. என்று பெயர், அதில் பெரும்பகுதி 2,062 மீட்டர் உயர எரிமலை. குடியிருக்கவும் மாடு மேய்க்கவும் பயிர் வைக்கவும் வடமேற்கில் கடலோரமாக ஒரு ஒடுக்கமான சமவெளிதான். மேய்ச்சல் தாங்காது என்பதால் ஒரு வீட்டுக்கு இத்தனை மாடு, இத்தனை ஆடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பார்த்தால் பிட்கேர்ன்தான் மேல்.

கூரைத்தண்ணி

சாப்பாட்டுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க. டிரிஸ்டனில் மலையிலிருந்து ஓடை இறங்குது, ஊருக்குக் குழாயில் வருது, வற்றாது. பிட்கேர்னில் நம்பி இருக்கிற மாதிரி ஓடை கிடையாது. கூரைத் தண்ணியைத் தொட்டியில் பிடிச்சுத்தான் குடிக்கணும், குளிக்கணும்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுங்க டீச்சர். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். சிதறல், ஆவி, தகர இடுக்கு எல்லாம் போக 80 கைக்கு வரும். மாசம் 100 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால் 8,000 லிட்டர். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால் மாசத்துக்கு 12,000 வேணும், பத்தாது. ஆளுக்கு 60 ஆக்கினால் 7,200-ல் முடியும். அங்கே வாழ்க்கை இந்த 60-க்குள் அடங்கணும்.

தொட்டி எவ்வளவு பெருசு என்பதை வருஷ மழை தீர்மானிக்காது. மழையே இல்லாத இடைவெளி எத்தனை நாள், அதுதான் அளவு. ஏற்காட்டில் வருஷம் 1,500 மி.மீ. சுமாருக்குப் பெய்யும், ஆனா ஜனவரியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் காய்ஞ்சு கிடக்கும். நாலு பேருக்கு ஆளுக்கு 60 என்று நாளுக்கு 240 லிட்டர், 90 நாளுக்குப் போட்டா 21,600. பிட்கேர்னில் மழை பன்னிரண்டு மாசமும் பரவி வருவதால் தொட்டி சின்னதா இருந்தாலும் ஓடிடும். வறட்சி வந்தால் மட்டும் மாட்டிக்குவாங்க.

அடுத்தது முதல் மழைத் தண்ணி. கடலோரக் கூரையில் உப்பு படிஞ்சிருக்கும், எலி, பறவை எச்சமும் இருக்கும். முதல் 1 மி.மீ. தண்ணியைத் தொட்டிக்குப் போகாமல் வெளியே விடணும், 100 சதுர மீட்டருக்கு அது 100 லிட்டர். நாலு அங்குல பி.வி.சி. குழாயில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் நிற்கும். ரெண்டடி குழாயைச் செங்குத்தா மாட்டிட்டு 'முதல் மழை வடிகட்டி' என்று சொல்றது ஏமாத்து. 100 லிட்டர் டிரம் வைங்க. அடியில் சொட்டு விடும் துளை போடுங்க, அடுத்த மழைக்குள்ள அது தானா காலியாகணும். துளை அடைச்சுக்கிச்சுன்னா அழுக்குத் தண்ணி நேரா தொட்டிக்குள்ள போயிடும். பாதி வீட்டில் நடக்கிற தப்பு இதுதான்.

வார்டு சிஸ்டர்

இதுவரை யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லை.

ஏற்காட்டு மலைக் கிராமமான மஞ்சக்குட்டையில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் 108 வந்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு தீவிலும் அந்தக் கணக்கே வேறு. பிட்கேர்னில் ஒப்பந்தத்தில் வரும் ஒரு மருத்துவர். அவரால் முடியாததற்குக் கப்பலில் மங்கரேவா, அங்கிருந்து விமானத்தில் டாஹிட்டி. கப்பல் அப்போது பக்கத்தில் இருந்தால்தான் அதுவும். டிரிஸ்டனில் 2017-ல் திறந்த கமோக்லி மருத்துவமனை இருக்கிறது, பிட்கேர்னைவிட வசதி அதிகம். ஆனால் அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமென்றால் கேப் டவுன்தான், அந்த வழியாகப் போகும் கப்பல் எதையாவது திருப்பிக் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஆக்சிஜனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் பெரிய டி-டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் 1,400 நிமிடம், அதாவது 23 மணி நேரம். ஏழு நாள் கப்பலுக்கு ஏழு சிலிண்டருக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரே நோயாளிக்கு. அதனால் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் கான்சன்ட்ரேட்டரைத்தான் நம்ப முடியும். அதற்கு இடைவிடாத கரன்ட் வேண்டும். கரன்டுக்கு டீசல், டீசலுக்குக் கப்பல்.

டிரிஸ்டனுக்கு இது வெறும் உதாரணம் இல்லை. அங்கே ஆஸ்துமா உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று, ஏறத்தாழ பாதிப் பேருக்கு உண்டு. முதலில் குடியேறிய சுமார் பதினைந்து பேரின் வழிவந்தவர்களே இன்றைய மக்கள். அந்தச் சிலரில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்ததால் அது தலைமுறையாக வந்துவிட்டது. இன்னொன்று, கப்பல் வந்துபோனால் ஊரெல்லாம் சளி பிடிக்கும். மாதக்கணக்கில் வெளிக் கிருமி படாத ஊருக்குள் ஒருவர் கொண்டுவந்தாலும் எல்லாரையும் தொற்றிவிடும். ஆஸ்துமாக்காரருக்கு அந்தச் சளியே போதும். இன்ஹேலர் இருப்பைக் கப்பல் அட்டவணையோடு சேர்த்துப் பார்த்து, ஒரு கப்பல் தவறினாலும் தாங்கும்படி வைக்க வேண்டும்.

இஞ்சின்ரூம்

சிஸ்டர் சொன்ன டீசல் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

டிரிஸ்டனில் சிங்கி இறால் தொழிற்சாலையும் ஊரின் ஜெனரேட்டர்களும் ஒரே இடத்தில் இருந்தன. 2008 பிப்ரவரியில் தீப்பிடித்து, தொழிற்சாலையோடு நாலு ஜெனரேட்டரும் போயின. ஒரே தீயில் ஊருக்கு வருமானமும் கரன்டும் சேர்ந்து நின்றன. புதுத் தொழிற்சாலை 2009-ல்தான் ஓடியது. தனித் தீவில் மின் உற்பத்தியை எதனோடும் ஒரே கூரைக்கடியில் வைக்கக் கூடாது. மாற்று ஜெனரேட்டர் இருந்தால் போதாது, அது வேறு கட்டடத்தில் இருக்கணும்.

பிட்கேர்னில் நீண்ட காலமாகவே கரன்டை நேரம் வைத்துத்தான் விடுவார்கள், ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். அதற்கு ஏற்ற வழக்கம், ஃப்ரீசரைக் காலியாக வைக்கக் கூடாது. இடம் இருந்தால் தண்ணி பாட்டிலை உறைய வைத்து நிரப்பணும். நிறைந்த ஃப்ரீசர் மூடியே இருந்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும், பாதி காலியானது அதைவிடச் சீக்கிரம் இளகும். இளகின மீனைத் திரும்ப உறைய வைக்கிறதுதான் வயிற்றுக் கோளாறுக்கு வழி.

ஸ்பேர் விஷயத்தில் இரண்டு தீவுக்கும் ஒரே விதி. ஃபில்டர், வி-பெல்ட், கடல்நீர் பம்பின் இம்பெல்லர், கேஸ்கெட், நாசில் இதெல்லாம் இரட்டையாக இருக்கணும். ஆர்டர் போடும்போது இஞ்சின் மாடலை மட்டும் எழுதினால் பத்தாது, சீரியல் நம்பரும் வேணும். ஒரே மாடலில் பம்ப் ஹவுசிங் மாறியிருக்கும். தப்பான இம்பெல்லர் வந்தால் அடுத்த சரக்குக் கப்பல் வரை இஞ்சின் சும்மா நிற்கும். சேலத்தில் இருந்துகொண்டு இதைச் சின்ன விஷயமாக நினைப்போம். செவ்வாய்பேட்டைக்கு ஒரு நடை போனால் பெல்ட் கிடைக்கும் நமக்கு.

இன்னொன்று. சரக்குக் கப்பலில் பயணிகளுக்கு 12 படுக்கைக்கு மேல் இருக்காது. சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கைப்படி 12 பயணிகளைத் தாண்டினால் அது பயணிக் கப்பல் கணக்கில் போய்விடும், உயிர்காப்புப் படகிலிருந்து தீத்தடுப்பு வரை வேறு விதி. பிட்கேர்னுக்குப் போகும் சில்வர் சப்போர்ட்டர், டிரிஸ்டனுக்குப் போகும் எடின்பரோ என்ற மீன்பிடிக் கப்பல், இரண்டிலும் 12 பேர்தான். அதில் நோயாளி, ஆசிரியர், மெக்கானிக், ஊர் திரும்புகிறவர் எல்லாருக்கும் இடம் பிரிக்கணும்.

தபால்தலை செவ்வாய்பேட்டை

வருமானம் பற்றிச் சேர்க்கிறேன். இரண்டு தீவும் தபால்தலை விற்றுச் சம்பாதித்தவை. பிட்கேர்னின் முதல் தபால்தலைகள் 1940-ல் வந்தன, டிரிஸ்டனுக்கு 1952. அதற்கு முன் 1946-ல் டிரிஸ்டனுக்காக அச்சடித்த ஒரு முன்மாதிரித் தலையில் விலை ஒரு பென்னி, அதன் பக்கத்திலேயே நான்கு உருளைக்கிழங்கு என்றும் போட்டிருக்கும். பணம் புழங்காத ஊரில் கிழங்குதான் மதிப்பு. வாழவந்தி அண்ணன் சொன்ன கிழங்குப் பாத்தியை சார்ட்டில் வரைந்தால் பக்கத்தில் இந்தத் தலையையும் வரையச் சொல்லுங்கள்.

இப்போது டிரிஸ்டனின் முதல் வருமானம் சிங்கி இறால். கடல் அடங்கிய நாளில் விடியற்காலை மணி அடிப்பார்கள், படகுகள் கிளம்பும், அன்று பிடித்ததை அன்றே தொழிற்சாலையில் பக்குவம் செய்வார்கள். பிட்கேர்னுக்கு அப்படி ஒரு தொழில் கிடையாது. தேன், மரச் சிற்பம், தபால்தலை, உல்லாசக் கப்பல் பயணிகள். செலவில் பெரும்பகுதியை பிரிட்டன்தான் தாங்குகிறது.

டிரிஸ்டன் முகவரிக்கு 2005-ல் பிரிட்டிஷ் பாணி அஞ்சல் குறியீடு கொடுத்தார்கள்: டி.டி.சி.யூ 1 இசட்.இசட். ஊரின் பெயர் எடின்பரோ என்று தொடங்குவதால் பார்சல்கள் ஸ்காட்லாந்தில் இருக்கும் எடின்பரோவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

கோரிமேடு டீச்சர்

மிக்க நன்றி. அங்கே போய்க் குடியேற முடியுமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். குழந்தைகள் படிப்பு எப்படி என்பதும் தெரிந்தால் நல்லது.

வாழவந்தி காப்பி

டிரிஸ்டனில் முடியாது. நிலம் ஊர்ப் பொது, வெளியார் வாங்க வழியில்லை. பார்க்கப் போவதற்கே தீவுக் கவுன்சில் அனுமதி வேணும். பிட்கேர்ன் அதற்கு நேர் எதிர். ஆள் வேணும் என்று அவர்களே கூப்பிடுகிறார்கள், குடியேறுகிறவருக்கு வீடு கட்ட நிலமும் ஒதுக்குவார்கள். 1937-ல் 233 பேர் இருந்த தீவு அது. அங்கே எல்லாருக்கும் பொதுவேலைப் பங்கு உண்டு, பாதை செப்பனிடுவது முதல் படகு வரை. இதைப் படித்தபின் இஞ்சின்ரூம் அண்ணன் சொன்ன ஆள் கணக்கு எனக்கும் சரியாகப் படுகிறது. தோட்டத்தில் வாழை காய்த்து என்ன, படகுக்கு ஆள் இல்லையென்றால் எண்ணெயும் மாவும் கப்பலோடு திரும்பிப் போகும்.

வார்டு சிஸ்டர்

டிரிஸ்டனில் செயின்ட் மேரீஸ் பள்ளி இருக்கிறது. பிட்கேர்னில் தொடக்கப் பள்ளி மட்டும், மேற்படிப்புக்கு நியூசிலாந்து.

டீச்சர், பிட்கேர்ன் பற்றி இதையும் சொல்லாமல் விட முடியாது. 2004-ல் அங்கே சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு ஏழு ஆண்கள் மீது வழக்கு நடந்தது, ஆறு பேருக்குத் தண்டனை கிடைத்தது, 2006-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. பல ஆண்டுகள் நடந்த கொடுமை. எல்லாரும் எல்லாருக்கும் சொந்தமான ஊரில் புகார் சொல்லப் போக வெளியாள் கிடைப்பது அரிது. அதன்பின் 16 வயதுக்கு உட்பட்டவர்களைக் கூட்டிப்போக முன்கூட்டியே தனி அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் சார்ட்டில் எப்படி எழுதுவது என்பது உங்கள் முடிவு. ஆனால் பெரியவர்கள் ஒப்பிடும்போது 'பாதுகாப்பு' என்ற வரி இல்லாத ஒப்பீடு முழுமையாகாது. பிட்கேர்ன் கடினம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமும் இதுதான்.

கூரைத்தண்ணி

காத்தைப் பத்தி ஒண்ணு விட்டுப் போச்சு. டிரிஸ்டனில் 2001 மே மாசப் புயலில் கூரைகள் பறந்துச்சு. பழைய வீடுகளைக் கனமான கல்சுவர் வைத்து, தாழ்வா, பக்கச்சுவர் காத்தைப் பார்க்கிற மாதிரிதான் கட்டியிருக்காங்க. தகரம் போட்டா ஓரத்திலும் முகட்டிலும் ஸ்குரூவை நெருக்கமா அடிக்கணும், காத்து முதல்ல தூக்குறது அங்கேதான். உப்புக் காத்துக்குச் சாதா ஸ்குரூ தலையில் துருப்பிடிச்சு, வாஷர் ஓட்டை பெருசாகி, ஒரு நாள் தகடு முழுசா உருவிக்கிட்டுப் போகும். துருப்பிடிக்காத எஃகு, ரப்பர் வாஷர், ரெண்டும் கட்டாயம். சேர்வராயன் கோயில் பக்கம் இருக்கிற உச்சி வீடுகளுக்கும் இதே சொல்வேன், உப்பு மட்டும் அங்கே இல்லை.

கோரிமேடு டீச்சர்

சார்ட்டைத் திருத்தினோம். 'அருகிலுள்ள ஊர் எவ்வளவு தூரம்' என்ற வரி கீழே போய்விட்டது. மேலே வருபவை: கரையில் இறங்க முடிகிற நாள்கள், படகுக்கு ஆள், தண்ணீர், கரன்ட், மருத்துவம், உணவு, பாதுகாப்பு. மூன்றாவது பத்தியில் ஏற்காடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பிள்ளைகளே சேர்த்தார்கள். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழி என்று இரண்டாவது பாதை இருக்கிறது, டெட்சைடு இறங்குதுறைக்கு நேராக அதை எழுதியிருக்கிறார்கள். ஒரு கேள்வி பாக்கி: படகுக்கு ஆள் என்ற வரியில் டிரிஸ்டனுக்கு என்ன எழுதுவது?

இஞ்சின்ரூம்

'போதும்' என்று மட்டும் எழுதாதீங்க. மீன்பிடிக்கப் போகிறவர்களும் சரக்கு இறக்குகிறவர்களும் அங்கே ஒரே ஆட்கள். கடல் அடங்கிய நாளில்தான் இரண்டு வேலையும் நடக்கும். கப்பல் வந்து நிற்கும்போது நல்ல நாள் வாய்த்தால் எது முதலில் என்று முடிவு செய்தாக வேண்டும். 'ஆள் உண்டு, நாள் குறைவு' என்று எழுதுங்க. பிட்கேர்னுக்கு 'ஆளே குறைவு'.